பிரெஞ்சு வகுப்பில் சமத்துவம் எதற்கு? கிளிநொச்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் வாரத்தில் மூன்று நாள் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறேன். பாரிசில் பதினொரு வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன் நான். பட்டம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவை பெற்றோரும் மாணவரும், அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் திரும்பத் திரும்பக் கேட்டவை. அதிபரின் கேள்விகள் சற்றுக் காரமானவை. காரத்தைக் குறைக்காமலே தந்திருக்கிறேன்.

மொழி வகுப்பில் மொழியைப் படிப்பித்தால் போதாதா? சமத்துவம், பன்மைத்துவம், குடிமைப் பண்பு எல்லாம் எங்கிருந்து வந்தன?

நானும் மொழியை மட்டும்தான் படிப்பிக்க நினைத்தேன். முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சில் ஒருவரிடம் நலம் விசாரிப்பதற்கு முன், அவர் உங்களுக்கு நீயா நீங்களா என்று தீர்மானித்தாக வேண்டும். அடுத்த பாடம் தொழில்: ஆணா பெண்ணா என்று தெரியாமல் பல தொழில்களின் பெயரைச் சொல்ல முடியாது. அதற்கடுத்தது குடும்பம். வன்னியில் ஒரு வகுப்பறையில் நின்றுகொண்டு "உங்கள் குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

விழுமியப் பாடம் என்று தனியாக ஒன்று என்னிடம் இல்லை. அதற்குப் பாடசாலையில் குடியுரிமைக் கல்வி இருக்கிறது. நற்பிரஜையின் பண்புகள் ஐந்தைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிவிட்டு, வெளியே வந்து பஸ்ஸில் ஏறக் கிழவியை இடித்துத் தள்ளுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இடித்தவன்தான்.

வன்னியில் பிரெஞ்சு யாருக்கு வேண்டும்?

வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெளிவு. கணவர் பாரிசில், அல்லது அண்ணன் ஜெனீவாவில், அல்லது சித்தி மொன்றியலில். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியின் பெயர் எங்கள் ஊர்க் கிழவிகளுக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி: 2024 ஜனவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய மொழித் தேர்ச்சிப் படிகளில் பல ஆண்டு வதிவிட அனுமதிக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். கூடவே ஒரு குடிமைப் பரீட்சையும் உண்டு. 40 கேள்விகள், 32 சரியாக இருந்தால்தான் சித்தி. குடியரசின் கொள்கைகள், உரிமைகள், கடமைகள் எல்லாம் அதில் வரும். ஆகவே "விழுமியம் எங்களுக்கு வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் சொல்லித்தாருங்கள்" என்பவருக்கும் தப்ப வழியில்லை.

மற்றப் பாதி எங்கும் போகப் போவதில்லை. சிலர் சாதாரண தரத்தில் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். சிலர் சும்மா வருகிறார்கள். சும்மா வருகிறவர்கள்தான் நல்ல கேள்வி கேட்கிறார்கள்.

"நீ", "நீங்கள்" வேறுபாட்டுக்கு ஒரு மாதம் எடுக்கிறீர்களாமே. அவ்வளவு கடினமா?

இலக்கணமாகப் பார்த்தால் பத்து நிமிட வேலை. பிரெஞ்சில் இரண்டு படிகள்: த்யூ என்றால் நீ, வூ என்றால் நீங்கள். தமிழில் எங்களுக்கு மூன்று: நீ, நீர், நீங்கள். இந்தியத் தமிழர் பேச்சில் 'நீர்' அநேகமாக மறைந்துவிட்டது. எங்களிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மனைவியையும் நண்பரையும் வளர்ந்த மாணவரையும் அன்பு குறையாமல், அளவும் மீறாமல் விளிக்க அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் முதல் கேள்வியே "நீர் எந்தப் பக்கம் போகும்?" என்பதுதான். நல்ல கேள்வி. விடையைப் பிரெஞ்சுக்காரரே ஒவ்வொரு நாளும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எத்தனையாவது நாளில் வூவிலிருந்து த்யூவுக்கு மாறலாம் என்பது அவர்களுக்கும் தலைவலி.

பிறகு வீட்டுவேலை கொடுப்பேன். ஒரு நாள் முழுவதும் வீட்டில் யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்று கொப்பியில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே த்யூவா வூவா என்று எழுதி வர வேண்டும். அப்பா அம்மாவை நீ என்கிறார். அம்மா அப்பாவைப் பெரும்பாலும் எந்தச் சொல்லாலும் விளிப்பதில்லை, "இஞ்சேருங்கோ" மட்டும்தான். கிராம அலுவலருக்கு நீங்கள். மீன் கொண்டுவருகிறவருக்கு நீ. ஒரு பையன் எழுதியிருந்தான்: தேங்காய் பிடுங்க வரும் எழுபது வயது ஐயாவைப் பத்து வயதுத் தம்பி நீ என்கிறான்; ஐயாவோ தம்பியைத் 'தம்பி, நீங்கள்' என்கிறார். அதற்குக் காரணம் என்ன என்று அவனும் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் இருந்த எல்லோருக்கும் காரணம் தெரியும். "சேர், பிரெஞ்சில் அவருக்கு வூ தானே?" என்று கேட்டான். ஆம் என்றேன். "அப்படியென்றால் தமிழில்?" பாடம் அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலும் இதே சண்டை வந்தது. 1793 இல் வூவை ஒழித்துவிட்டு எல்லோரும் எல்லோரையும் த்யூ என்றே விளிக்க வேண்டும், ஐயா அம்மா போய் 'குடிமகன்', 'குடிமகள்' என்றே அழைக்க வேண்டும் என்று கோரினார்கள். சில காலம் நடைமுறையிலும் இருந்தது. பிறகு வூ திரும்பி வந்துவிட்டது. எல்லோரையும் கீழே இறக்கிச் சமமாக்குவதா, மேலே ஏற்றிச் சமமாக்குவதா? இந்தக் கேள்வியைப் போட்டால் எங்கள் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் அடிபடுவார்கள். நான் மேலே ஏற்றுகிற கட்சி. அதற்கு என் சமையலறைக் காலம் காரணமாக இருக்கலாம். அங்கே எனக்கு எல்லோரும் த்யூ, தலைமைச் சமையற்காரருக்கு மட்டும் வூ. பிரான்சில் பொலிஸார் தெருவில் மறித்து, குறிப்பாக நிறத்தைப் பார்த்து, த்யூ போட்டுப் பேசுவது நெடுநாள் முறைப்பாடு. 2014 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த அவர்களது ஒழுக்கக்கோவை, பொதுமக்களோடு பேசும்போது வூவே பயன்படுத்த வேண்டும் என்று எழுத்தில் சொல்கிறது. ஒரு பிரதிப்பெயரைச் சட்டமாக எழுத வேண்டியிருந்தது என்பதை மாணவர் மறப்பதில்லை. சந்தியில் மறித்துக் கேட்கப்பட்ட அனுபவம் இங்கேயும் உண்டு அல்லவா.

பெண்பால், ஆண்பால் விடயத்தில் பிள்ளைகளைக் குழப்புகிறீர்கள் என்று சொல்கிறார்கள்.

குழப்புவது பிரெஞ்சு. கதிரைக்குப் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. மனிதருக்குத்தான் ஆண், பெண், மற்றதெல்லாம் அஃறிணை. பன்மைக்கு வந்தால் இன்னும் நல்லது, 'அவர்கள்' என்று ஒரே சொல். பிரெஞ்சில் ஆண்கள் கூட்டத்துக்கு ஒரு 'அவர்கள்', பெண்கள் கூட்டத்துக்கு வேறொரு 'அவர்கள்'. தொண்ணூற்றொன்பது பெண்களோடு ஓர் ஆண் சேர்ந்தால் முழுக் கூட்டமும் ஆண்பாலாகிவிடும். 'ஆண்பால் பெண்பாலை வெல்லும்' என்று பிரெஞ்சுப் பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2017 நவம்பரில் 314 ஆசிரியர்கள் இனி இந்த விதியைக் கற்பிக்கமாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். இதைச் சொன்ன அன்று எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பெண்பிள்ளைகள், மூன்று பையன்கள். பையன்கள் மூவரும் எழுந்து வெற்றிக் கும்பிடு போட்டார்கள். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

தொழிற்பெயர்களில் விடயம் கனதியாகிறது. பெண் அமைச்சர், பெண் சட்டத்தரணி, பெண் எழுத்தாளர் ஆகியோருக்குப் பெண்பால் வடிவம் எழுதலாமா என்று அங்கே பல பத்தாண்டு விவாதம். பிரெஞ்சு மொழியின் காவலர் என்று தன்னைக் கருதும் அக்கடமி அதை ஏற்றுக்கொண்டது 2019 பெப்ரவரியில்தான். அந்த அக்கடமிக்கு முதல் பெண் உறுப்பினர் தெரிவானது 1980 இல். ஒப்பிட ஒன்று: சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 இல் பிரதமரானார், உலகிலேயே முதல் பெண் பிரதமர். பிரான்சுக்கு முதல் பெண் பிரதமர் கிடைத்தது 1991 இல். தமிழுக்கு 'பிரதமர்' என்ற சொல்லில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவை வரவில்லை. ஆனால் அதற்காக நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். சொல்லில் தடை இல்லாத எங்கள் பாராளுமன்றத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

பாடப்புத்தகத்தில் வரும் தொழில்கள் வெதுப்பக உரிமையாளர், விற்பனைப் பெண், பொறியியலாளர். வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறார். அந்தத் தொழில் புத்தகத்தில் இல்லை. அகராதியில் தேடினோம், ஆணுக்கு தெமினேர், பெண்ணுக்கு தெமினேஸ். "என் அம்மா தெமினேஸ்" என்று அந்தப் பிள்ளை எழுதிய வசனம் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

செல்வியா திருமதியா என்று படிவம் கேட்பதைப் பற்றியும் பேசுவோம். பிரான்சில் 2012 பெப்ரவரியில் வந்த சுற்றுநிருபத்தோடு அரச படிவங்களிலிருந்து 'மத்முவாசெல்' நீக்கப்பட்டது; மணமானாலும் ஆகாவிட்டாலும் 'மதாம்'. மணமாகாத ஒரு முப்பத்தைந்து வயது மாணவி இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன ஒரே சொல்: "அப்பாடா."

குடும்பப் பாடத்தை நீங்கள் பிந்திப் படிப்பிப்பது ஏன்?

எந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்தாலும் மூன்றாவது நான்காவது பாடத்திலேயே ஒரு படம் வரும்: தந்தை, தாய், மகன், மகள், ஒரு நாய். வன்னியில் அந்தப் படத்தைக் காட்டிக் 'குடும்பம் என்றால் இது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மா தனியே நடத்தும் வீடுகள் உண்டு. அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் உண்டு. இரண்டு தாய்மாரின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடும் உண்டு. ஆகவே முதலில் சொற்களை மட்டும் கொடுப்பேன். யார் யாரை எழுதுவது என்பது அவரவர் விருப்பம்.

இதற்குக் காரணமானவர் இருபதைத் தாண்டிய ஒரு மாணவி. தமிழில் "என் அப்பா கடற்றொழிலாளி" என்று வினைச்சொல் இல்லாமலே சொல்லிவிடலாம். காலம் காட்டத் தேவையில்லை. பிரெஞ்சு விடாது. இருக்கிறார் என்றால் 'எ', இருந்தார் என்றால் 'எத்தே'; இரண்டில் ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "சேர், அப்பாவுக்கு எதை எழுத?" 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறிய பிறகு அவருடைய தந்தையைப் பற்றிய தகவல் இல்லை. இறந்தகாலம் எழுதினால் அம்மா கோபிப்பார். நிகழ்காலம் எழுதினால் அடுத்த வசனம் எழுத முடியாது.

எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பில் ஒருவர்தான் வழி கண்டார்: "என் அப்பாவின் பெயர் இன்னது" என்ற வசனத்தை மட்டும் எழுதலாமே. பிரெஞ்சில் அதை நிகழ்காலத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த மாணவி அப்படியே எழுதினார்.

அடுத்த வகுப்பில் இதைத் தொட்டுத் தமிழைப் பற்றிப் பேசினோம். முன்பு பத்திரிகைகள் 'காணாமல் போனோர்' என்று எழுதின. தாய்மார் அதை ஏற்கவில்லை. தாமாகப் போகவில்லையே. இன்று 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுகிறோம். போதல் ஆக்கப்படுதலாக மாறியபோது, செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று வசனமே சாட்சி சொல்லத் தொடங்கியது. பிரெஞ்சிலும் வெறுமனே 'மறைந்தவர்' என்ற சொல்லும், 'பலவந்தமாக மறைக்கப்படுதல்' என்ற சட்டச் சொல்லும் வேறு வேறு. அந்தச் சட்டச் சொல்லைத் தலைப்பில் கொண்ட சர்வதேச உடன்படிக்கை 2007 பெப்ரவரி 6 இல் பாரிசில்தான் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. இலங்கை அதை 2016 இல் ஏற்றுறுதி செய்து, 2018 இல் உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த தாய்மாரில் இருவர் எங்கள் மாணவரின் அம்மம்மாமார். செய்வினையும் செயப்பாட்டுவினையும் நான் படிப்பித்த பாடங்களில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

(அதிபர் ஐயாவின் கேள்வி) பிரான்ஸ் என்ன சமத்துவத்தின் தாய்வீடா? குடியேற்றங்களைச் சுரண்டிய நாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது சரியா?

முன்மாதிரியாகக் காட்டவில்லை ஐயா. 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று அவர்களின் பாடசாலை வாசல்களில் பொறித்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே, அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களையும் சொல்லிக்கொடுக்கிறேன்.

1789 ஓகஸ்ட் 26 இன் பிரகடனம் மனிதர் உரிமையில் சமமாகப் பிறக்கிறார்கள் என்றது. மனிதர் என்பதற்கு அங்கே எழுதிய சொல்லுக்கு ஆண்கள் என்றும் பொருள். 1791 இல் ஒலாம்ப் து கூஜ் என்ற பெண், பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1793 நவம்பரில் அவரைக் கில்லட்டினில் கொன்றார்கள். பெண்களுக்கு வாக்குரிமை 1944 இல்தான் வந்தது. முதன்முதலாக அவர்கள் வாக்களித்தது 1945 ஏப்ரலில். இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் பெண்கள் 1931 இலேயே வாக்களித்துவிட்டார்கள். (யாழ்ப்பாணம் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது வேறு கதை.) இதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் பெருமையை ஒரு நிமிடம் இருக்க விடுவேன். பிறகு 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தைச் சொல்வேன். அந்த 1931 இல் வாக்களித்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1958 இலும் 1977 இலும் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் என் முன்வரிசையில் இருக்கிறார்கள். பக்கத்து வாங்கில் இருப்பவர்களில் சிலர், "அவர்கள் வேறு ஆட்கள்" என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஹெயிற்றி இன்னொரு உதாரணம். அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் புரட்சியின் சொற்களை அப்படியே நம்பினார்கள். போராடி 1804 ஜனவரி 1 இல் சுதந்திரம் பெற்றார்கள். 1825 இல் பிரான்ஸ் அவர்களிடம் 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டது. யார் யாருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒரு வசனம் எழுதச் சொன்னால், தரம் ஒன்பது பிள்ளைகள் கொடுத்தல் என்ற வினையை அன்றைக்குச் சரியாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

எழுதி வைத்ததற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைத் தூரத்து நாட்டில் அளந்து பழகினால், கை கூசாமல் இங்கேயும் அளக்கலாம். எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை வாசிக்கிறோம். சாதி, மதம், மொழி, பால் காரணமாக எவருக்கும் கடையிலோ உணவகத்திலோ தன் சொந்த மதத்தின் வழிபாட்டிடத்திலோ தடை விதிக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. "எங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஐயா, அந்தக் கேள்விக்கு நீங்கள் வந்து பதில் சொன்னால் எனக்கும் உதவியாக இருக்கும்.

பொட்டு, பர்தா, சிலுவை பற்றிப் பிரான்சின் சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளின் மனத்தை மாற்றுவீர்களா?

மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்வேன். 1905 டிசம்பர் 9 இன் சட்டம் அரசையும் தேவாலயங்களையும் பிரித்தது. 2004 மார்ச் 15 இன் சட்டம் அரச பாடசாலைகளில் மாணவர் பளிச்சென்று தெரியும் மத அடையாளம் அணிவதைத் தடுத்தது. பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தடை இல்லை. 1905 இல் ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ் பகுதியில் அந்த ஆண்டின் சட்டம் இன்றும் செல்லாது. அங்கே பாதிரியாருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகும். எங்கள் வகுப்பில் மடுமாதா பக்தர்கள் உண்டு, வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தூக்குக் காவடி எடுத்தவர் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்த குடும்பத்தின் முஸ்லிம் பெண்ணும் உண்டு. அந்தப் பெண் சொன்னது: "முக்காட்டை அணியச் சொல்வதும் கழற்றச் சொல்வதும் எப்போதும் வேறு ஆட்கள்தான்." முழு வசனத்தையும் பிரெஞ்சில் சொன்னார். இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. அன்றைக்குத் திருத்தவில்லை.

சிங்களம் படிக்க வேண்டிய நேரத்தில் பிரெஞ்சா?

சிங்களமும் படியுங்கள். பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் உடனே உதவுவது அதுதான்.

ஆனால் பிரெஞ்சு வகுப்பில் மொழியுரிமை பற்றி எதிர்பாராத ஒரு கண்ணாடி கிடைக்கிறது. பிரான்சின் வடமேற்கில் பிரெத்தோன் என்றொரு மொழி இருக்கிறது. பாடசாலையில் அதைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமான அடையாளமாக ஒரு பொருளைத் தொங்கவிடுவார்களாம். அதைக் கழற்ற வேண்டுமென்றால், அடுத்துத் தாய்மொழி பேசும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 1992 இல் 'குடியரசின் மொழி பிரெஞ்சு' என்று அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையும், தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் வந்த 13ஆம் திருத்தத்தையும் தாத்தாமாரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "அங்கேயுமா?" என்றார்கள்.

ஒரு வகுப்பு உண்மையில் எப்படி நடக்கும்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது சிறுபோகக் கூட்டம், அதாவது கோடைப் பயிர்ச்செய்கையைத் தீர்மானிக்கும் விவசாயிகள் கூட்டத்தை வகுப்பில் நடித்துப் பார்ப்பது. புத்தகத்தில் இந்த இடத்துக்கு இருந்தது 'பாரிசில் வீடு வாடகைக்கு எடுத்தல்'. அதைத் தூக்கிவிட்டு இரணைமடுவைக் கொண்டுவந்தேன். குளத்தில் தண்ணீர் குறைவு. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு என்று தீர்மானிக்க வேண்டும். ஒருவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர், ஒருவர் வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவர், ஒருவர் கடைக்கோடிக்காரர், ஒருவர் காணி உறுதி இல்லாமல் குத்தகைக்குச் செய்யும் பெண். "நான் உடன்படவில்லை", "எனக்கும் பேச இடம் தாருங்கள்", "நீங்கள் சொல்வது சரி, ஆனால்" போன்ற பன்னிரண்டு பிரெஞ்சு வசனங்களைப் பலகையில் எழுதிவிட்டு நான் பின்னால் போய் இருந்துவிடுவேன். சொந்தக் கருத்துக்கு எதிரான பாத்திரத்தைத்தான் ஒவ்வொருவருக்கும் கொடுப்பேன். தலைப்பு வாய்க்கால் வீட்டுப் பையன் கடைக்கோடிக்காரனாக வாதாட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் சுவையானது. தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். (எங்கள் பேச்சில் இரண்டுக்கும் 'நாங்கள்' என்றே சொல்லிவிடுகிறோம் என்பது வேறு.) பிரெஞ்சில் இரண்டுக்கும் 'நூ' என்று ஒரே சொல். பொறியியலாளராக நடித்தவர் "நூ தியாகம் செய்ய வேண்டும்" என்றார். கடைக்கோடிக்காரி எழுந்து கேட்டார்: "அந்த நூவில் நீங்களும் உண்டா?" தலைவர்களின் பேச்சை வாசிக்கும்போதெல்லாம் இப்போது அந்தப் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் சேரலாமா?

சேர்ந்திருக்கிறார்கள். செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் வந்த பிறகு 'எழுந்து நில்லுங்கள்' என்று தொடங்கும் பழைய பயிற்சியைக் கைவிட்டேன். கையை உயர்த்தினால் போதும். ஷெல் வீச்சில் பார்வை இழந்த ஒருவர் பிரெயில் தகட்டோடு வருகிறார். பிரெயில் முறையைக் கண்டவர் லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுக்காரர். 1809 இல் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல்வேலைப் பட்டறை ஊசி கண்ணில் பட்டுப் பார்வை இழந்தவர். பதினைந்து வயதில் இந்தப் புள்ளி முறையை உருவாக்கினார். அவர் படித்த பாடசாலையே அதை முறைப்படி ஏற்றது அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1854 இல். இதே ஆறு புள்ளிகளில்தான் தமிழும் எழுதப்படுகிறது. பிரெஞ்சு எழுத்துகளை வகுப்பில் முதலில் முடித்தவர் அவர்தான். மற்றவர்களுக்கு உச்சரிப்புக் குறிகள் பிடிபட மூன்று வாரம் எடுத்தது.

புத்தகம், கருவி எதுவும் இல்லாத இடத்தில் எப்படி?

ஒரு கரும்பலகை, ஒரு கைப்பேசி, அச்செடுத்த தாள்கள். பாண் என்று போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்லும் பிரெஞ்சின் 'பன்'னும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. அலுமாரியும் 'ஆர்முவார்' என்பதும் அப்படியே. கதிரையும் 'ஷேஸ்' என்பதும் தூரத்து உறவு. முதல் நாள் பிள்ளைகளுக்குப் பயம் தெளிய இது போதும்.

வகுப்பு நேரத்தை ஏன் பிற்பகல் மூன்றரைக்கு மாற்றினீர்கள்? ஐந்து மணிதானே எல்லோருக்கும் வசதி?

எல்லோருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். போன வருடம், பையன்கள் கூடுதலாக இருந்த பிரிவில், வாக்கெடுப்பு வைத்தோம். ஐந்து மணிக்குப் பதினான்கு வாக்கு, மூன்றரைக்கு ஒன்பது. பெரும்பான்மை முடிவு என்று ஐந்து மணிக்கே தொடங்கினோம். இரண்டு வாரத்தில் எட்டுப் பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கடைசி பஸ் ஆறு மணிக்கு. அதற்குப் பிறகு வீதி விளக்கு இல்லாத மூன்று கிலோமீற்றர்.

மறுபடியும் கூடினோம். இம்முறை வாக்கு எடுக்கவில்லை. ஐந்து மணி என்றால் யார் எதை இழக்கிறார், மூன்றரை என்றால் யார் எதை இழக்கிறார் என்று பலகையில் இரண்டு நிரல் போட்டோம், தெரிந்த பிரெஞ்சில். ஒரு நிரலில் 'படிப்பு' என்று இருந்தது. மற்றதில் 'கிரிக்கெட்'.

கிரிக்கெட் நிரலில் பெயர் எழுதியவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். பிரெஞ்சில் முணுமுணுத்தால் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.